நல்ல டயர் எந்தச் சக்கரத்துக்கு?

1

நேற்று மத்தியானம் தபால் நிலையத்திலிருந்து ஒரு பார்சல் எடுத்து வந்தேன். வட்டமாகத் தட்டையாக, கையில் பிடிக்கவும் வராமல் கக்கத்தில் இடுக்கவும் வராமல் அது படுத்திய பாடு கொஞ்சமல்ல. அனுப்பியவள் என் மகள் ஷெரின். நாங்கள் இருக்கும் பின்லாந்தின் தெற்கே, தலைநகரில் கல்லூரியில் படிக்கிறாள். போன மாதம் ஒரு கடையில் பகுதி நேர வேலைக்கும் சேர்ந்திருக்கிறாள். முதல் சம்பளத்தில் அம்மைக்கு ஏதோ வாங்கி அனுப்பியிருக்கிறாள், பரவாயில்லையே என்று பிரித்தால், உள்ளே ஒரு சைக்கிள் டயர்! பாளம் பாளமாகக் கறுப்பு ரப்பர், அதில் சின்னச் சின்ன இரும்பு ஆணிகள். அதுவும் ஒன்றே ஒன்று.

சமையலறை மேசையில் அதை வைத்துவிட்டு நானும் என் கணவர் வில்சனும் எதிரெதிரே உட்கார்ந்தோம். "ஒண்ணா அனுப்பியிருக்கா? இன்னொண்ணு வழியில களஞ்சு போச்சா?" என்றார். இரண்டு பேருக்குமே அந்தப் பாலம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "அங்க குளிரு எப்படி?" என்றுதான். குளிரை விடுங்கள். உடுப்பு மேல் உடுப்பு போட்டால் அது தீர்ந்தது. பின்லாந்தில் பயப்பட வேண்டியது வழுக்கலுக்கு. அந்த வழுக்கலால் ஒரு பனிக்காலம் முழுக்க நாங்கள் மூன்று பேரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தோம். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

2

நாங்கள் வந்தது 2012-இல். நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் அறுவைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். இங்கே வந்த முதல் வருஷம் முழுக்க மொழி வகுப்பு. அடுத்த வருஷம் நவம்பரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது, அதுவும் நர்ஸாக அல்ல, உதவியாளராக. இங்குள்ள நர்ஸ் தேர்வு எழுதித் தேறும்வரை ஒரு ஊசிகூடப் போடக் கூடாது. காலையில் ஆட்களை எழுப்பி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கஞ்சி கொடுக்க வேண்டும். செய்கிற வேலையில் எனக்கு வருத்தம் இல்லை. புரபேஷன்தான் பயமாக இருந்தது. மார்ச் முடிவதற்குள் 'நீ வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் வேலை போகும். வேலை போனால் விசாவும் போகும். திற்பரப்பில் என் கணவருக்கு இருந்த ரப்பர் தோட்டத்தை விற்றுத்தான் வந்திருந்தோம். திரும்பிப் போனால் அதை ரோட்டில் நின்று பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான்.

நான் சேர்ந்த வாரத்திலேயே என்னோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி பனியில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அவளும் புரபேஷனில் இருந்தவள். கையில் மாவுக்கட்டோடு யாரைத் தூக்குவாள்? யாரும் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. கேக் வெட்டினார்கள், பூங்கொத்து கொடுத்தார்கள். ஒப்பந்தத்தை மட்டும் நீட்டவில்லை. அந்தக் கேக்கை நானும் ஒரு துண்டு தின்றேன்.

மார்ச் வரை நான் விழக் கூடாது. அந்த வருஷம் கடவுளிடம் நான் கேட்டது இது ஒன்றுதான்.

காலை ஷிப்டுக்கு முதல் பஸ்ஸை நம்ப முடியாது. அது வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து உட்கார்ந்து மணியடிக்கத் தொடங்கிவிடுவார்கள். கார் வாங்க வழியில்லை. இந்த ஊரில் எல்லோரும் பனியிலும் சைக்கிளில்தான் போகிறார்கள். எண்பது வயதுப் பெண்கள்கூட என்னைத் தாண்டி மணியடித்துக்கொண்டு போவார்கள். சரி, நாமும் போவோம் என்று பழைய சாமான் கடையில் ஒரு மலைச் சைக்கிள் வாங்கினோம். சட்டமும் கியரும் பிரேக்கும் நன்றாக இருந்தன. டயர் இரண்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தன.

வில்சன் முதலில் செய்தது டயரைப் பார்ப்பது அல்ல. எங்கிருந்தோ ஒரு கேரியர் தேடிப் பிடித்து பின்னால் முடுக்கினார். கேரியர் இல்லாத சைக்கிளை அவரால் சைக்கிள் என்று ஒத்துக்கொள்ள முடியவில்லை.

"எனக்கு எதுக்கு இது? என்னத்த வச்சிக்கிட்டுப் போகப் போறேன்?" என்றேன்.

"இருக்கட்டும் ஏட்டி. ஒனக்க சோத்துப் பைய வைக்கலாம்லா?"

3

இந்த நாட்டில் எங்கள் குடும்பத்தில் பேசத் தெரிந்தது ஷெரின் ஒருத்திக்குத்தான். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. எனக்கு வகுப்பறை மொழி. எழுதினால் வரும், வாயைத் திறந்தால் வராது. ஒருமுறை ஒரு பெரியவரிடம் 'நாளைக்குப் பார்க்கிறேன்' என்று சொல்லப் போய், ஒரு நெடிலைக் குறிலாக்கி, 'நாளைக்கு உங்களைக் கொல்கிறேன்' என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் மறுநாள் வரை கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். வில்சனுக்கு நன்றி, வணக்கம், எவ்வளவு விலை, இந்த மூன்றோடு சரி.

ஆகவே எங்கே போனாலும் ஷெரின் முன்னால், நாங்கள் பின்னால். விசா விஷயம் எல்லாம் இங்கே போலீஸ் நிலையத்தில்தான். போலீஸ் நிலையப் படி ஏறியே அறியாத குடும்பம் நாங்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் எங்கள் பாஸ்போர்ட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள். என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர் தாசையன். வில்சன் பெயருக்குப் பின்னால் அவருடைய அப்பா பெயர் ஞானசிகாமணி. ஷெரினுக்குப் பின்னால் வில்சன். மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர்! நீங்கள் ஒரே குடும்பம்தானா என்று அந்தப் பெண் சந்தேகமாகக் கேட்டாள். ஷெரின் விளக்கினாள். விளக்கி முடிப்பதற்குள் அவள் காதெல்லாம் சிவந்துவிட்டது.

வெளியே வந்ததும் வில்சன் கேட்டார், "என்ன மக்களே சொன்ன?"

"ஒண்ணும் இல்ல அப்பா."

அந்த 'ஒண்ணும் இல்ல' அந்த வருஷம் எங்கள் வீட்டில் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. அவர் நாலு வாக்கியம் சொன்னால் அவள் ஒன்றை மொழிமாற்றிச் சொல்வாள். மிச்சம் மூன்றும் எங்கே போகின்றன என்று அவருக்குத் தெரியும். கேட்கமாட்டார். வீட்டிலும் அவள் எங்களோடு பேசுவது குறைந்து, போனில் கூட்டாளிகளோடு அந்த மொழியில் பேசுவதுதான் அதிகமாயிற்று.

4

டயர்க் கடைக்கு மூன்று பேரும் போனோம். கடைக்காரர் நீளத் தாடி வைத்த ஆள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருந்தார். எங்கள் கையில் இருந்த தொகையை ஷெரின் சொன்னதும், இரண்டு வழி உண்டு என்று இரண்டையும் மேசையில் வைத்தார்.

ஒன்று, எல்லாக் காலத்துக்குமான டயர், ஒரு ஜோடி. இரண்டு சக்கரத்துக்கும் ஆயிற்று. கட்டை கட்டையாக ரப்பர், நடுவில் அகலமாக இடைவெளி. மற்றது ஆணி வைத்த பனிக்கால டயர். அந்த ஜோடியின் விலைக்கு இது ஒன்றுதான் கிடைக்கும்.

வில்சனுக்கு முகம் தெளிந்தது. இந்த நாட்டில் அவருக்குத் தெரிந்த ஒரு பொருள் கடைசியில் அவர் கைக்கு வந்திருந்தது. ரப்பரில் பிறந்து வளர்ந்தவர் அல்லவா? எல்லாக் காலத்து டயரை எடுத்தார். மடக்கினார், விட்டார். முகர்ந்தார். கட்டைவிரல் நகத்தால் அமுக்கி, பள்ளம் எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறது என்று பார்த்தார். தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குச் செய்கிற அதே சோதனை. ஷெரின் சுவரில் மாட்டியிருந்த ஹெல்மெட்டுகளைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டாள்.

"இதுக்க ரப்பர் கொள்ளாம்," என்றார், நல்ல ஷீட்டுக்குச் சொல்கிற அதே வார்த்தை. ஆணி டயரையும் அமுக்கிப் பார்த்தார். "இது கொள்ளாது. ஆணிய வச்சி ஏமாத்துதான். ஜோடியே எடுப்போம். எல்லாக் காலத்துக்கும்னு எழுதியிருக்கான்லா?"

"அப்பா, அவங்க எல்லாக் காலம்னு சொல்லது இந்த ஐஸுக்கு இல்ல."

"எத்தன காலம் வச்சிருக்கான் இவன்? நமக்கு ரெண்டு மழையும் ஒரு வெயிலும். அதுல ஓடாத டயரா?"

கடைக்காரர் ஷெரினிடம் நிதானமாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதால் எனக்கும் பாதி புரிந்தது. அந்த ஜோடி மோசமில்லை. சேற்றுக்கு, மழைக்கு, புதுப்பனிக்கு அருமை. குளிரிலும் அந்த ரப்பர் இறுகிப்போகாது. ஆனால் கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸில் எந்த ரப்பரும் ஒன்றுதான். அங்கே ஆணி மட்டும்தான் பிடிக்கும். அம்மா போகிற வழி எது என்று கேட்டார். ஆற்றங்கரை வழி, இறக்கம், திருப்பம், மரப்பாலம் என்று ஷெரின் சொன்னாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு ஆணி டயரை எங்கள் பக்கம் தள்ளினார். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இது. பழைய டயர் இரண்டில் நல்லது மற்ற சக்கரத்துக்கு. இதை முன்னால் போட வேண்டும். பின் சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன் சக்கரம் வழுக்கினால் ஆள் தரையில்தான்.

பிலிப்பைன்ஸ்காரியின் மாவுக்கட்டு என் கண்ணுக்குள் வந்து நின்றது. "ஆணி உள்ளதே எடுப்போம்," என்றேன்.

வில்சன் என்னைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தார். ஆனால் முன் சக்கரம் என்றதும் சிரித்துவிட்டார். "முன்னாலயா? அவரிட்ட சொல்லு மக்களே. பாரம் பூரா பின்னாலல்லா கெடக்கு? நல்ல டயரு பின்னாலதான் போடணும். நான் எவ்வளவு சைக்கிள் கண்டிருக்கேன்!"

ஷெரின் கடைக்காரரிடம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு டயரைப் பையில் போட்டார்.

"என்ன சொன்ன?"

"நன்றி சொன்னேன்."

5

வீட்டுக்கு வந்து பின் சக்கரத்தில் மாட்டினார். ஷெரின் ஒருமுறை சொன்னாள், இரண்டு முறை சொன்னாள், மூன்றாவது முறை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் இடையில் புகவில்லை. உள்ளதைச் சொன்னால் எனக்கும் பின்னால் போடுவதுதான் சரி என்று பட்டது. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான். புது டயர் வாங்கினால் பின்னால். பின்னால் தேய்ந்தது முன்னால் வரும். முன்னால் தேய்ந்தது கிணற்றடியில் வாழைக்கு வேலியாகும். குலசேகரத்துக்கு ஷீட்டுக் கட்டு கொண்டு போகிறவர்கள், ஏத்தன் வாழைக்குலை கொண்டு போகிறவர்கள், மீன் கொண்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் பாரம் கேரியரில்தான். ஒரு மனிதரும் நல்ல டயரை முன்னால் போட்டு நான் கண்டதில்லை.

நானே அப்படிப் பின்னால் போட்ட புது டயரின் மேல் உட்கார்ந்து உயிர் பிழைத்தவள். 2004-இல் ஆனிச் சாரலில் ஷெரினுக்குக் காய்ச்சல் கண்டு கண் மேலே செருகத் தொடங்கிவிட்டது. அஞ்சு வயசு. மரம் விழுந்து பஸ் இல்லை. ஜீப்புக்கு ஆள் அனுப்பினால் வர நேரமாகும். வில்சன் சைக்கிளில் இருந்த ஷீட்டுக் கட்டை அவிழ்த்துத் தள்ளிவிட்டு, "ஏறு ஏட்டி," என்றார். பிள்ளையை மடியில் போட்டு, ரப்பர் ஷீட்டு ஒன்றைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கேரியரில் இருந்தேன். தோட்டத்து இறக்கம் முழுக்கச் செம்மண் சேறு. ஒரு பக்கம் கோதையாறு பெருகி வருகிற சத்தம். அவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி உழுதபடியே இறங்கினார். எங்களுக்குக் கீழே இருந்தது அதற்கு முந்தின நாள் போட்ட புது டயர். அது ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார்.

அந்த டயரை நம்பியவள் இந்த டயரையும் நம்பாமல் என்ன செய்வேன்?

6

டிசம்பர் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. பனி பொடிப்பொடியாக இருந்தது. மாவில் ஓட்டுவது போல் ஓட்டினேன். வில்சன் தினமும் நான் திரும்பி வந்ததும் பின் டயரைத் தொட்டுப் பார்த்து, "பாத்தியா?" என்பார். ஷெரின் காதில் ஒயரை மாட்டிக்கொள்வாள்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி மழை பெய்தது. கேட்டால் சந்தோஷமாக இருக்கும், மழைதானே என்று. உறைந்த தரையில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. காலை இருட்டில் வெளியே இறங்கினபோது வழி முழுக்கக் கறுப்பாக மினுங்கியது. விளக்குக் கம்பங்கள் தரையில் தலைகீழாகத் தெரிந்தன. சனிக்கிழமை என் ஷிப்டு. போகாமல் முடியாது.

பைய பையப் போனேன். பின் சக்கரத்து ஆணிகள் ஐஸைக் கொத்துகிற சத்தம் தைரியமாகத்தான் இருந்தது. பாலத்துக்கு முன்னால் இறக்கம், அப்புறம் இடப்பக்கம் திருப்பம். ஹேண்டிலைக் கொஞ்சமாகத் திருப்பினேன். முன் சக்கரம் என்னைக் கேட்காமலே போய்விட்டது. விழுகிறேன் என்று நினைக்கவே நேரமில்லை. இடது கையும் கன்னமும் தரையில் இருந்தன. சைக்கிள் பக்கத்தில் கிடந்தது. புது டயர் காற்றில் சுற்றிக்கொண்டே இருந்தது, ஆணியெல்லாம் மினுங்கிக்கொண்டு.

எழுந்திருக்குமுன் கையைத்தான் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள குழியை அமுக்கினேன். முறிந்தால் வலிக்கிற அந்த இடத்தில் வலி இல்லை, மணிக்கட்டைச் சுற்றித்தான் உயிர் போனது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். மடங்கின. முறியவில்லை, முறியவில்லை என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். அழுகை வேறு வந்தது.

இல்லத்தில் பொறுப்பாளர் பிர்யோ என்ற பெண். அறுபதை நெருங்கியவர், அதிகம் சிரிக்காதவர். நான் கைக்கு கிரேப் பேண்டேஜ் சுற்றி, அதன் மேல் ஸ்வெட்டரை இழுத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். முதல் ஆளைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தினபோது என் முகம் போன போக்கை அவர் கதவருகே நின்று பார்த்துவிட்டார்.

"விழுந்தாயா?"

"இல்லை," என்றேன். அந்த மொழியில் நான் தடுமாறாமல் சொன்ன முதல் சொல் அது.

பிர்யோ என் ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினார். வீக்கத்தைப் பார்த்தார். கேக்கும் பூங்கொத்தும் இனி எனக்குத்தான் என்று நினைத்தேன்.

"ஆணி டயர் போட்டிருக்கிறாயா?"

"ஒன்று மட்டும்."

"எந்தச் சக்கரத்தில்?"

"பின்னால்."

"பின்னாலா!" வாழ்க்கையில் அப்படி ஒரு சங்கதியைக் கேட்டிராதவர் போல நின்றார். "யார் போட்டது?"

"என் கணவர்."

"இன்றைக்கே முன்னால் மாற்றச் சொல். இன்று தூக்குகிற வேலையை நான் பார்க்கிறேன். செவ்வாய்க்கிழமை நீ வரும்போது இந்தக் கை தூக்க வேண்டும்." அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை தூக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

7

திரும்பி வந்து கையைக் காட்டினதும் வில்சனின் முகத்தில் ரத்தமே இல்லை. ஐஸ் தண்ணீர் கொண்டுவந்தார், துணியை அவிழ்த்தார், கட்டினார். ஆனால் பிர்யோ சொன்னதைச் சொன்னதும் நிமிர்ந்துவிட்டார்.

"நீ பிரேக்க பிடிச்சிருப்ப."

"பிடிக்கல்ல."

"பின்ன, பாரம் இல்லாம போயிருப்ப. கேரியர்ல பாரம் இருந்தா வண்டி அசையாது. அந்தப் பொம்பள ஒரு வாழக்கொலையாவது கெட்டிக்கிட்டுப் போயிருக்காளா?"

ஷெரின் அறை வாசலில் நின்று அந்த மொழியில் ஒரு வாக்கியம் சொன்னாள். இவருக்கு ஒன்றுமே தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது என்று அர்த்தம்.

"என்ன சொல்லுதா அவ?" என்று என்னிடம் கேட்டார்.

நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை மொழிமாற்றிச் சொல்லாமல் விட்டது நான். ஆனால் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவர் அடுக்களைக்குப் போய் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெரிய நகரத்திலிருந்து சொல்லிவைத்து வரவழைத்த சம்பா அரிசி, பாதிக்கு மேல் இருந்தது. பழைய டியூபைக் கிழித்துக் கயிறாக்கி, ஊரில் கட்டுகிற கட்டு மாறாமல் கேரியரில் இறுக்கினார்.

"வாங்க ரெண்டு பேரும். நான் காட்டித் தாறேன்."

"இஞ்ச பாருங்க, வேண்டாம். சொன்னா கேளுங்க!" என்றேன். கேட்டால்தானே.

பகல் மூன்று மணிக்கெல்லாம் பொழுது சாய்கிற மாதம். பாலத்து இறக்கத்தில் யாரும் இல்லை. நானும் ஷெரினும் ஓரத்துப் பனியில் கால் புதைத்து நின்றோம். அவர் மேலே ஏறி நின்று, நெஞ்சில் கை வைத்து ஒரு ஜெபம் சொன்னது தெரிந்தது. எனக்கு ஒரு பக்கம், ஐயோ விழாமல் வர வேண்டுமே என்று இருந்தது. இன்னொரு பக்கம், விழாமல் வந்துவிட்டால் செவ்வாய்க்கிழமை நான் இதே டயரில்தான் போக வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் எப்படி வேண்டுவது?

இறங்கினார். பின் சக்கரம் கடகடவென்று கொத்திக்கொண்டு வந்தது. மூட்டை அசையவே இல்லை. திருப்பத்தில் ஹேண்டிலைத் திருப்பினார். அதே இடம். முன் சக்கரம் அதே போலப் போயிற்று. அவர் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். மூட்டை கட்டோடு பிய்ந்து பாலத்துக் கைப்பிடியில் மோதி வெடித்தது. ஐஸ் முழுக்க அரிசி.

அவர் எழுந்திருக்கவில்லை. ஷெரின்தான், "அப்பா! எப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். ஓடி அவளும் வழுக்கி, உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு போய் அவர்மேல் இடித்து நின்றாள். அவர் தாடையில் ரத்தம். கண்ணைத் திறந்து பார்த்தார்.

"முன்னாலதான்," என்றார்.

"எழும்புங்கப்பா. வலிக்குதா?"

"முன்னாலதான் போடணும். அந்தத் தாடிக்காரன் சொன்னது உள்ளது."

அன்று சாயங்காலமே சமையலறைத் தரையில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டயரை மாற்றினார்கள். அவர் தாடையில் பிளாஸ்திரி. ஷெரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பூன் காம்பால் டயரை நெம்புகிற வித்தையை அவர் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து அவள் தமிழில் கேட்டாள், "ஊர்ல எல்லாரும் ஏன் பின்னால போடுதாங்க? விழமாட்டாங்களா?"

"விழத்தான் செய்வோம். ஓட்டுகவன் விழுந்தா முட்டு உரஞ்சும், அவ்வளவுதான். பின்னால நீயும் அம்மையும்லா இருப்பிய."

அவள் நெம்புகிறதை நிறுத்திவிட்டாள். என் பக்கம் திரும்பினாள். நான் 2004-ஐச் சொன்னேன், செம்மண் இறக்கத்தை, அவள் காய்ச்சலை. அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. அந்தக் கேரியரில் இப்போது யாரும் இல்லை, ஓட்டுவதே நான்தான் என்பது என் கணவருக்கு அன்றைக்குத்தான் உறைத்திருக்க வேண்டும். குனிந்து முன் சக்கரத்துக்குக் காற்றடித்தார்.

8

செவ்வாய்க்கிழமை போனேன். பாலத்து இறக்கத்தில் பின் சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடியது. முன் சக்கரம் கடித்துப் பிடித்துக்கொண்டு திரும்பியது. மாக்பை பறவைகள் நாலைந்து எங்கள் சம்பா அரிசியைக் கொத்திக்கொண்டிருந்தன. கை வலித்தது, ஆனால் தூக்கியது. பிர்யோ பார்த்தார். "முன்னாலா?" என்றார். "முன்னால்," என்றேன். மார்ச் கடைசியில் என் கையைக் குலுக்கிவிட்டு, ஏப்ரலிலும் நீ வருகிறாய் என்றார். அன்றைக்குக் கேக் கிடையாது. எனக்குக் கேக்கே வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு தேர்வில் தேறினேன். வில்சனுக்கு ஒரு பேக்கரியில் வேலை கிடைத்தது. ஆணி டயர் ஒன்று தேய்ந்து இன்னொன்று வாங்கினோம். அதுவும் ஒன்றுதான், முன்னால். பழகிவிட்டது.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஷெரினைக் கூப்பிட்டோம். போனை மேசையில், டயருக்குப் பக்கத்தில் வைத்தோம். வில்சன் தொடங்கினார், "மக்களே, என்னத்துக்கு ஒண்ணே ஒண்ணு? முன்னால உள்ளது நல்லாத்தான இருக்கு?"

"இது பின்னால போடதுக்கு, அப்பா."

"முன்னால மட்டும் போதும்னு நீதான அன்னைக்குச் சண்ட போட்ட?"

"டயர் வாங்கின கடையிலயும் அப்படித்தான் சொன்னாங்க. முன்னால ஆணி இருந்தா போதும், பின்னாலுக்கு வேற சாதா டயரு எடுன்னு. நான் வேண்டாம்னு சொன்னேன்."

"என்ன சொல்லி வேண்டாம்ன?"

முதலில் அந்த மொழியில் ஒரு வாக்கியம் சொன்னாள், கடையில் சொன்ன அதே போல. அதையே தமிழிலும் சொன்னாள். "'பாரம் பூரா பின்னாலல்லா கெடக்கு'ன்னு எங்க அப்பா சொல்லுவாருன்னு சொன்னேன்."

வில்சன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கு அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல்ல. டயர எடுத்துத் தந்தான்."

அவர் டயரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மடக்கிப் பார்த்தார், விட்டார். முகர்ந்தார். ஆணிகளுக்கு நடுவில் இடம் பார்த்துக் கட்டைவிரல் நகத்தால் அமுக்கினார்.

"ரப்பர் கொள்ளாம்," என்றார்.